வலம்புரியும் இடம்புரியும்

கள்ளக்குறிச்சியின் நாட்டுமருந்துக் கடைகளில் வலம்புரிக்காய், இடம்புரிக்காய் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். முறுக்கிய கயிற்றுத் துண்டைப் போன்ற உலர்ந்த காய். கல்வராயன் மலையின் இலையுதிர் காடுகளிலும் காணப்படும் ஒரு புதரில் காய்ப்பது. ஐந்து இழைகள் ஒன்றையொன்று தழுவித் திருகிக்கொண்டிருக்கும். திருகு வலப்பக்கம் போனால் ஒரு பெயர், இடப்பக்கம் போனால் இன்னொரு பெயர். இரண்டுக்கும் எடையிலோ நிறத்திலோ மணத்திலோ வேறுபாடு இல்லை. ஒன்றைக் கண்ணாடியின் முன் பிடித்தால் கண்ணாடிக்குள் தெரிவது மற்றது; அவ்வளவுதான்.

‘புரி’ என்றால் முறுக்கு. தமிழ் இந்த முறுக்கின் திசையை மிகப் பழங்காலத்திலேயே கவனித்துப் பெயரிட்ட மொழி. வலம்புரிச் சங்கு சங்கப் பாடல்களிலேயே வருகிறது. வலம் என்ற சொல்லுக்கு வெற்றி என்றும் வலிமை என்றும் பொருள் உண்டு. இடம் என்ற சொல் இடப்பக்கத்தையும் குறிக்கும், நாம் இருக்கும் இடத்தையும் குறிக்கும். கோயிலை வலம் வருகிறோம், இடம் வருவதில்லை. ஏன் அப்படி என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்வார்கள். ஆனால் எல்லோரும் ஒரே திசையில் சுற்றுவதால்தான் கூட்டம் மோதிக்கொள்ளாமல் நகர்கிறது என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். திசையின் காரணம் ஒன்று, ஒரே திசையாக இருப்பதன் காரணம் வேறொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது. நான் சொல்லவருவது கோயிலைப் பற்றியல்ல, உயிரைப் பற்றி.

நம் இரு கைகளும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஆனால் வலக்காலின் செருப்பு இடக்காலில் நுழையாததைப் போல, வலக்கையை இடக்கையின்மேல் அச்சாகப் பொருத்த முடியாது. மூலக்கூறுகளிலும் இப்படி உண்டு. ஒரு கார்பன் அணுவுக்கு நான்கு கைகள். நான்கிலும் வெவ்வேறு பொருள்கள் பிணைந்திருந்தால், அவற்றை இரண்டு விதமாக அடுக்கலாம். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். அணுக்கள் அதே, பிணைப்புகள் அதே, உருகும் வெப்பநிலையும் அதே. கை மட்டும் வேறு. ஆய்வுக்கூடத்தில் சாதாரண முறையில் தயாரித்தால் இரண்டும் சரிபாதியாக வரும். பாடநூல்கள் அதைச் சுழிமாய்க் கலவை என்று சொல்கின்றன.

உயிர் மட்டும் சரிபாதியை ஏற்பதில்லை. புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள் இருபது. அவற்றில் கிளைசினுக்குக் கை இல்லை. மீதமுள்ள பத்தொன்பதும் இடக்கை வடிவம். டி.என்.ஏ.விலும் ஆர்.என்.ஏ.விலும் உள்ள சர்க்கரை வலக்கை வடிவம். கச்சிராயபாளையத்துக் கரும்பு, கோமுகி அணையின் மீன், மலையில் விளையும் சாமை, அதை விதைக்கும் மலையாளிப் பழங்குடி மனிதர், அவர் வயிற்றிலிருக்கும் நுண்ணுயிர் என எதை எடுத்தாலும் இதே விதிதான். கல்வராயன் மலையின் பெயர்பெற்ற விளைபொருளான கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானினை உடைத்துப் பார்த்தால் அதன் நடுவில் குளுக்கோஸ் இருக்கும். அதுவும் அதே வலக்கைக் குளுக்கோஸ்தான். நுண்ணுயிர்களின் செல்சுவரில் வலக்கை அமினோ அமிலங்கள் சில உண்டு என்பது போன்ற விதிவிலக்குகள் இருக்கின்றன. ஆனால் அவை விதிவிலக்குகள் என்று தெரியும் அளவுக்கு விதி உறுதியானது.

இதை வெளியுருவத்தின் முறுக்கோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. காய்வள்ளிக் கொடி கொழுகொம்பை ஒரு திசையில் சுற்றி ஏறும். பெருவள்ளிக் கொடி எதிர்த்திசையில் சுற்றும். இரண்டும் ஒரே குடும்பம், ஒரே பேரினம். கொடி எப்பக்கம் சுற்றினாலும் கிழங்குக்குள் இருக்கும் மாவுச்சத்தின் சர்க்கரை வலக்கைதான். வலம்புரிக்காயின் புரதமும் இடம்புரிக்காயின் புரதமும் ஒரே கைதான். உருவத்தில் இரண்டு பக்கத்தையும் அனுமதிக்கும் உயிர், அடித்தளத்தில் ஒன்றை மட்டுமே வைத்துக்கொண்டிருக்கிறது.

இந்த விஷயம் முதலில் பிடிபட்டது ஒரு புளிப்பில். டார்டாரிக் அமிலம் திராட்சையில் இருப்பது. நம் புளியின் புளிப்பும் பெரும்பாலும் அதுதான். எலுமிச்சையின் புளிப்பு சிட்ரிக் அமிலத்தால் வருவது. சிட்ரிக் அமிலத்துக்குக் கை இல்லை. புளியின் அமிலத்துக்குக் கை உண்டு. ரசத்துக்குப் புளி கரைப்பவர்கள் அறியாமலேயே ஒரு வலஞ்சுழிப் பொருளைக் கரைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒளி பொதுவாக எல்லாத் தளங்களிலும் அதிரும். சில படிகங்களின் வழியே செலுத்தினால் ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் பெறலாம். பிரான்சு நாட்டின் பியோ, 1815இல், சில இயற்கைத் திரவங்கள் அந்தத் தளத்தையே திருப்பிவிடுவதைக் கண்டார். வலமாகத் திருப்புவது வலஞ்சுழி, இடமாகத் திருப்புவது இடஞ்சுழி. திராட்சையின் டார்டாரிக் அமிலம் ஒளியைத் திருப்பியது. ஆனால் அதே வேதியியல் அமைப்புள்ள இன்னொரு அமிலம் திருப்பவில்லை. 1848இல் இருபத்தைந்து வயது லூயி பாஸ்டர் அதன் உப்பைப் படிகமாக்கி உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். படிகங்கள் இரண்டு வகையாக இருந்தன. ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாக்கினார். தனித்தனியே நீரில் கரைத்தபோது ஒரு குவியல் ஒளியை வலமாகவும் மற்றது இடமாகவும் திருப்பியது.

இதில் தட்பவெப்பத்தின் தயவும் இருக்கிறது. அந்த உப்பு சுமார் 27 பாகை செல்சியஸுக்குக் கீழேதான் இரண்டு வகைப் படிகங்களாகப் பிரியும். அதற்குமேல் இரு கைகளும் கோத்த ஒரே வகைப் படிகமாகிவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பாஸ்டர் அந்தத் தட்டை வைத்திருந்தால் பொறுக்குவதற்கு ஒன்றும் கிடைத்திருக்காது. சில ஆண்டுகள் கழித்து அவர் இன்னொன்றையும் கண்டார். அந்தக் கலவையில் பூஞ்சை வளர்ந்தபோது அது வலஞ்சுழி அமிலத்தை மட்டும் தின்று மற்றதை மிச்சம் வைத்தது. உயிருக்குக் கைவேறுபாடு தெரிகிறது என்பதற்கு முதல் சாட்சி அந்தப் பூஞ்சை.

*

கள்ளக்குறிச்சிப் பகுதியில் இந்த அறிவியல் அன்றாடம் நடக்கிறது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. சர்க்கரை ஆலை என்றால் ஆய்வுக்கூடம் உண்டு. ஆய்வுக்கூடம் என்றால் பொலாரிமீட்டர் உண்டு. என் சித்தப்பா ஓர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். பள்ளி நாட்களில் ஒருமுறை அழைத்துச் சென்று காட்டினார். கரும்புச் சாற்றைத் தெளியவைத்து வடிகட்டி நீண்ட கண்ணாடிக் குழாயில் நிரப்புவார்கள். ஒருபுறம் சோடிய விளக்கின் மஞ்சள் ஒளி. மறுபுறம் கண்ணை வைத்துப் பார்த்தால் ஒரு வட்டம். அதன் ஒரு பாதி வெளிச்சம், ஒரு பாதி இருட்டு. திருகைத் திருகிக்கொண்டே போனால் ஓரிடத்தில் இரண்டு பாதியும் சமமாகும். அங்கே அளவுகோல் காட்டும் எண்ணிலிருந்து சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஆலைக்காரர்கள் அதைப் ‘போல்’ என்பார்கள். மத்திய அரசு அறிவிக்கும் கரும்பு விலை ரெக்கவரி விழுக்காட்டோடு கட்டப்பட்டது. ஆகவே சர்க்கரையின் மூலக்கூறு ஒளியை எந்த அளவு திருப்புகிறது என்பதற்கும் என் தந்தையைப் போன்ற கரும்பு விவசாயிகளின் வீட்டு வரவுசெலவுக்கும் நேரடியான தொடர்பு இருந்தது. அப்போது எனக்கு வியப்பாக இருந்தது ஒன்றுதான். எத்தனை வயல், எத்தனை ரகம், எத்தனை லாரி! ஒரு சாறாவது இடப்பக்கம் திருப்பவில்லை.

மலைமேல் ஏறினால் இதற்கு எதிரான ஒன்று கிடைக்கும். மலைத்தேன். கரும்புச் சர்க்கரை ஒளியை வலமாகத் திருப்பும். பூந்தேன் பொதுவாக இடமாகத் திருப்பும். கரும்புச் சர்க்கரையின் ஒரு மூலக்கூறு, குளுக்கோஸும் பிரக்டோஸும் கைகோத்தது. தேனீயின் நொதி அந்தக் கோப்பைப் பிரித்துவிடுகிறது. குளுக்கோஸ் வலஞ்சுழி, பிரக்டோஸ் அதைவிட வலுவான இடஞ்சுழி. ஆகவே கூட்டுத்தொகை இடப்பக்கம் சாய்கிறது. தேனில் சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறதா என்று பார்க்க இதுவும் ஒரு வழி.

அப்படியானால் தேனில் இருப்பது இடக்கைச் சர்க்கரையா? இல்லை. குளுக்கோஸும் பிரக்டோஸும் வேதியியலின் கணக்கில் வலக்கைச் சர்க்கரைகளே. ஒளியைத் திருப்பும் திசை வேறு, மூலக்கூறின் கை வேறு. இந்தச் சிக்கலை முதலில் எதிர்கொண்டவர் ஜெர்மனியின் எமில் பிஷர். 1891இல் அவர் சர்க்கரைகளின் உறவுமுறையை வகுத்தார். எது எதற்கு ஒரே கை, எது எதிர்க்கை என்று சொல்ல முடிந்தது. ஆனால் உண்மையில் எது வலம், எது இடம் என்று அறிய அன்று வழியில்லை. ஆகவே ஒன்றை வலம் என்று வைத்துக்கொண்டார். நாணயத்தைச் சுண்டிப்போட்டதைப் போலத்தான். அறுபது ஆண்டுகள் வேதியியல் அந்த அனுமானத்தின் மேல் நின்றது. 1951இல் நெதர்லாந்தின் பைஃபூட் எக்ஸ் கதிரைக் கொண்டு ஒரு டார்டாரிக் அமில உப்பின் உண்மையான அமைப்பைக் கண்டறிந்தார். பிஷர் போட்ட நாணயம் சரியான பக்கமே விழுந்திருந்தது.

பைஃபூட் பயன்படுத்திய அந்த எக்ஸ் கதிர் நிகழ்வைச் சில ஆண்டுகளில் சென்னையில் கையிலெடுத்தவர் ஜி.என். இராமச்சந்திரன். 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்து, முப்பது வயதுக்குள் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமைக்கு வந்தவர். 1956இல் எஸ். ராமனோடு சேர்ந்து, கண்ணாடிச் சமச்சீர் இல்லாத படிகங்களின் அமைப்பை அந்த நிகழ்வைக் கொண்டே கண்டறியும் முறையை வகுத்தார். அதற்கு முன்பே, 1954இலும் 1955இலும், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜனின் அமைப்பை முன்வைத்திருந்தார். நம் தோலையும் தசைநாணையும் எலும்பின் சட்டத்தையும் கட்டியிருக்கும் புரதம் அது. தோல் பதனிடும்போது கடுக்காயின் துவர்ப்பு பற்றிக்கொள்வதும் இதைத்தான்.

கொலாஜன் மூன்று இழைகளின் கயிறு. ஒவ்வோர் இழையும் தனக்குள் இடம்புரி; மூன்றும் சேர்ந்து ஒன்றையொன்று சுற்றுவது வலம்புரி. கயிறு திரிப்பவர்களுக்கு இந்த நுட்பம் புதிதல்ல. இழையை ஒரு பக்கம் முறுக்கி, இழைகளைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்கினால்தான் கயிறு பிரியாது. தமிழில் இதற்கு முப்புரி என்று சொல் இருக்கிறது. இந்த முப்புரியில் ஒவ்வொரு மூன்றாவது கண்ணியிலும் கிளைசின் உட்கார்ந்திருக்கிறது. மூன்று இழைகளும் நெருங்கும் நடுவில் வேறு எதற்கும் இடமில்லை. எல்லாவற்றிலும் சிறியதான, கையே இல்லாத அந்த ஒன்றுதான் அங்கே பொருந்துகிறது.

1963இல் இராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் வெளியிட்ட வரைபடம் இன்று உலகில் புரதவியல் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் மோதிக்கொள்ளும் என்று காட்டும் நிலப்படம் அது. இடக்கை அமினோ அமிலத்துக்கு அந்தப் படத்தில் சில தீவுகள் மட்டுமே திறந்திருக்கின்றன. வலக்கை அமினோ அமிலத்துக்கு வரைந்தால் அந்தத் தீவுகள் மையத்தைக் கடந்து எதிர்மூலைக்குப் போய்விடும். கிளைசினின் படம் இருபுறமும் சமமாக இருக்கும். இந்தப் படத்தைப் பார்த்தால் உயிருக்கு ஏன் ஒரே கை வேண்டும் என்பது புரியும். புரதம் சீராகச் சுருள வேண்டுமென்றால் அடுத்தடுத்த கண்ணிகள் ஒரே பக்கம் திரும்பவேண்டும். நடுநடுவே மற்றக் கை வந்தால் சுருள் முறியும். சுருள் முறிந்தால் மடிப்பு இல்லை. மடிப்பு இல்லையென்றால் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை.

*

என் தந்தைக்குச் சில ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். சித்த மருத்துவர்கள் நடுக்குவாதம் என்பார்கள். வலக்கையில் தொடங்கியது. கரும்புச் சோகையை ஒரே இழுப்பில் உரித்த கை, தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் போயிற்று. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையின் பெயரில் லெவோடோபா என்றிருந்தது. லெவோ என்றால் இடம். மூளையில் குறைந்துபோகும் டோபமைனை நேரடியாகக் கொடுத்துப் பயனில்லை, அது மூளைக்குள் நுழையாது. டோபாவைக் கொடுத்தால் அமினோ அமிலங்களை உள்ளே விடும் வாசல் அதை அனுமதிக்கும். உள்ளே ஒரு நொதி அதை டோபமைனாக மாற்றும். அந்த நொதி இடக்கை டோபாவைத்தான் ஏற்கும். வேடிக்கை என்னவென்றால், மாறியபின் வரும் டோபமைனுக்குக் கையே இல்லை.

இதை அப்பாவிடம் ஒரு மாலையில் விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மருந்துல கூடச் சோத்தாங்கை, பீச்சாங்கை இருக்குதா?” என்றார். இருக்கிறது என்றேன். “அப்ப என் சோத்தாங்கைய நிறுத்தறது ஒரு பீச்சாங்கையா?” என்று கேட்டுச் சிரித்தார். நோய் வந்தபின் முகத்தில் சிரிப்பு அரிதாகத்தான் தெரிகிறது. அன்று தெரிந்தது.

அவர் விழுங்கும் அந்த மூலக்கூறு நம் வேலிகளிலும் காடுகளிலும் படரும் பூனைக்காலியின் விதையில் இருக்கிறது. தொட்டால் அரிக்கும் சுணை மூடிய காயுடைய அதே கொடிதான். 1937இல் சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் அந்த விதையிலிருந்து டோபாவைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். பார்க்கின்சன் நோய்க்கும் டோபமைனுக்கும் தொடர்பு உண்டு என்று யாருக்கும் தெரியாத காலம் அது. கொடி தயாரிக்கும் டோபா இடக்கைதான். ஆனால் 1967இல் நியூயார்க்கில் ஜார்ஜ் கோட்சியாஸ் நோயாளிகளுக்கு முதன்முதலில் பெரிய அளவில் டோபா கொடுத்தபோது பயன்படுத்தியது இரு கையும் கலந்த சுழிமாய்க் கலவை. நடுக்கம் குறைந்தது, ஆனால் சிலருக்கு இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்தன. பிறகு இடக்கையை மட்டும் கொடுத்தபோது பாதி அளவே போதுமானதாக இருந்தது, அந்தத் தொல்லையும் விலகியது. இடக்கை டோபாவை மட்டும் தொழிற்சாலையில் செய்யும் வழியைக் கண்டதற்காக வில்லியம் நோல்ஸுக்கு 2001ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் இராமச்சந்திரன் சென்னையில் காலமானார். கடைசி ஆண்டுகளில் அவரையும் வாட்டியது பார்க்கின்சன் நோய்தான்.

ஆகவே, உயிர் ஏன் ஒரே கையில் இருக்கிறது என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் காலையும் மாலையும் மாத்திரை வடிவில் பாதி விடை இருக்கிறது. பூட்டும் சாவியும் ஒரே கையாக இருக்கவேண்டும். ஆனால் அது பாதி விடைதான். ஏன் இந்தக் கை, ஏன் மற்றது அல்ல? முதல் சாய்வு எங்கிருந்து வந்தது?

1953இல் பிரடெரிக் பிராங்க் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு மூலக்கூறு தன் கையையே பிரதியெடுக்க உதவி, எதிர்க்கையைத் தடுக்கவும் செய்தால், மிகச் சிறிய தற்செயல் சாய்வும் பெருகிப் பெருகி மொத்தத்தையும் ஆட்கொள்ளும். 1995இல் ஜப்பானின் கென்ஸோ சோவாய் அப்படிச் சாய்வைத் தானே பெருக்கிக்கொள்ளும் வேதிவினை ஒன்றைச் செய்து காட்டினார். அதற்கு முன்பே, 1990இல், திலீப் கொண்டேபுடியும் உடன் பணியாற்றியவர்களும் செய்த சோதனை என்னை மிகவும் கவர்ந்தது. சோடியம் குளோரேட் என்ற உப்பு. அதன் மூலக்கூறுக்குக் கை இல்லை, படிகத்துக்கு மட்டும் உண்டு. கரைசலை அசைக்காமல் வைத்தால் வலப்படிகமும் இடப்படிகமும் ஏறக்குறைய சரிபாதி வரும். கலக்கிக்கொண்டே இருந்தால் ஒரு பாத்திரத்தில் அத்தனையும் வலம், அடுத்த பாத்திரத்தில் அத்தனையும் இடம். முதலில் உருவான ஒரு தாய்ப்படிகம் உடைந்து சிதறி, அதன் துணுக்குகளே மற்ற எல்லாவற்றுக்கும் விதையாகின்றன. சர்க்கரை ஆலையில் பாகு காய்ச்சுபவர்களுக்கு விதைப் படிகத்தின் வல்லமை நன்றாகத் தெரியும். எந்தப் பாத்திரத்தில் எந்தக் கை வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஏதோ ஒரு கை வெல்லும் என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

கல்வராயன் மலையின் முகட்டில் நின்றால் இது கண்முன் தெரியும். வடசரிவில் விழும் மழை தென்பெண்ணைக்குப் போகிறது. கோமுகியின் பக்கம் விழுவது வெள்ளாற்றுக்குப் போகிறது. ஒன்று கடலூர் அருகே கடலடையும், மற்றது பரங்கிப்பேட்டையில். முகட்டின்மேல் விழும் துளி எப்பக்கம் உருளும் என்பதைக் காற்றின் ஒரு வீச்சு தீர்மானிக்கிறது. உருண்டபின் அது திரும்பி ஏறுவதில்லை.

ஆனால் அந்தக் காற்றுக்கு ஒரு நிலையான திசை இருந்திருக்கலாமல்லவா? அப்படி நினைப்பவர்களும் உண்டு. இயற்கையின் அடிப்படை விசைகளில் ஒன்றான வலுக்குறை விசை வலத்தையும் இடத்தையும் சமமாக நடத்துவதில்லை என்பது 1957இல் சியென் ஷியுங் வூவின் சோதனையில் உறுதியானது. உயிரின் கைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்று 1991இல் அப்துஸ் சலாம் வாதிட்டார். ஆனால் அந்த விசையால் இரு கைகளுக்கும் ஏற்படும் ஆற்றல் வேறுபாடு மிக மிக அற்பமானது. அது போதுமானதாக இருந்தது என்று யாரும் நிறுவவில்லை.

விண்ணிலிருந்து வந்திருக்கலாம் என்பது இன்னொரு கருத்து. 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில், பூமியின் உயிர்கள் அரிதாகவே பயன்படுத்தும் ஐசோவலின் என்ற அமினோ அமிலத்தில் இடக்கை மிகுதியாக இருப்பது தெரியவந்தது. 2009இல் வெளியான அளவீட்டில் அந்த மிகுதி 18 விழுக்காடு வரை போயிற்று. உயிரின் இடக்கை விண்வெளியிலிருந்தே வந்தது என்ற நம்பிக்கை அதனால் வலுத்தது. ஆனால் பென்னு என்ற சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பரில் கொண்டுவரப்பட்ட மண்ணை ஆராய்ந்து 2025 ஜனவரியில் வெளியிட்டபோது, புரதங்களில் உள்ள இருபதில் பதினான்கு அமினோ அமிலங்கள் அதில் இருந்தன. இரு கைகளும் ஏறக்குறைய சரிசமமாக இருந்தன. மண்ணில் விழுந்து கிடக்காத, கை படாத மாதிரி அது. அதற்கு எடை அதிகம்.

2023இல் ஹார்வர்டில் பர்கான் ஓஸ்டுர்க்கும் திமிதர் சாசெலோவும் வேறொரு வழியைக் காட்டினார்கள். ஆர்.என்.ஏ.வுக்கு முன்னோடியாகக் கருதப்படும் ஒரு மூலக்கூறை, காந்தமேற்றிய மேக்னடைட்டின் மேல் படிகமாக்கினார்கள். காந்தத்தின் திசைக்கேற்ப ஒரே கைப் படிகங்கள் கிடைத்தன. மேக்னடைட் வேறொன்றுமல்ல, சேலத்துக் கஞ்சமலையில் கிடக்கும் அதே இரும்புத் தாதுதான். ஏரியடியில் கிடந்த இப்படியொரு கல், பூமியின் காந்தப்புலத்தால் ஒருபக்கம் சாய்ந்து முதல் கையைத் தேர்ந்திருக்கலாம். ஆனால் பூமியின் வட அரைக்கோளமும் தென் அரைக்கோளமும் எதிரெதிர்த் திசை காட்டுபவை. எந்த அரைக்கோளத்தில் அந்த ஏரி இருந்தது என்பது மீண்டும் தற்செயல்தான்.

என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு கை வெல்லவேண்டும் என்பது விதி. இந்தக் கை வென்றது விபத்து. இதைச் சொல்லும்போது சிலருக்கு மனம் சுருங்குகிறது. உயிரின் அடித்தளத்திலேயே ஒரு காரணமற்ற தேர்வு இருப்பதை ஏற்கச் சங்கடமாக இருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வலம் என்றால் வெற்றி என்று நம் மொழி சொல்கிறது. உயிரின் புரதங்களில் வென்றிருப்பதோ இடம். இதில் மேன்மையும் இல்லை, தாழ்வும் இல்லை. மேன்மை இருந்தால் அது, நானூறு கோடி ஆண்டுகளுக்கு அருகில், ஒரு பிரதியிலிருந்து அடுத்த பிரதிக்கு, அந்தத் தேர்வு கைவிடாமல் காக்கப்பட்டதில்தான் இருக்கிறது.

அது காக்கப்படவேண்டியதும்கூட. 2024 டிசம்பரில் முப்பத்தெட்டு அறிவியலாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் எச்சரிக்கை விடுத்தார்கள். எல்லா மூலக்கூறும் எதிர்க்கையில் அமைந்த கண்ணாடி நுண்ணுயிரை ஒருநாள் செயற்கையாகச் செய்ய முடியலாம். செய்யக் கூடாது என்றார்கள். நம் உடலின் காவல் படை தன் பூட்டுக்குப் பொருந்தும் சாவியைத்தான் அடையாளம் காணும். எதிர்க்கையில் வரும் பகைவனை அது கவனிக்காமலே விட்டுவிடலாம். செடிகளுக்கும் விலங்குகளுக்கும் இதே ஆபத்து. எச்சரித்தவர்களில் சிலர், அப்படியொரு நுண்ணுயிரை உருவாக்கும் திசையில் முன்பு உழைத்தவர்கள் என்பதைக் கவனிக்கவேண்டும்.

விபத்தா விதியா என்பதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வேறோர் உலகில் உயிரின் தடயம் கிடைத்து, அது நம் எதிர்க்கையில் இருந்தால், அங்கே தனியாக நாணயம் சுண்டப்பட்டது என்று அறியலாம். 2028இல் செவ்வாய்க்கு ஏவத் திட்டமிட்டிருக்கும் ஐரோப்பாவின் ரோசலிண்ட் பிராங்க்ளின் ஊர்தியில், தரைக்குக் கீழிருந்து எடுக்கும் மண்ணில் மூலக்கூறுகளின் கையைப் பிரித்தறியும் கருவி இருக்கிறது. அப்பாவிடம் இதையும் சொன்னேன். “அங்க கரும்பு வெளைஞ்சா எந்தப் பக்கம் திருப்பும்?” என்று கேட்டார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் போகிறார்கள் என்றேன்.